அட்டையைக் காட்டினால்தான் ஆள்: ஐரோப்பாவில் குடியிருக்கும் பிரிட்டிஷ்காரர்களும் பிரெக்ஸிட்டும்

ஹாரி ஷிண்ட்லர் இத்தாலிக்கு முதலில் போனது இரண்டாம் உலகப் போரில், சிப்பாயாக. 1944-இல் ஆன்சியோ கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது அவரும் அங்கே இருந்தார். பிறகு 1982-இல் அதே நாட்டுக்குத் திரும்பிப் போய், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் ஓர் ஊரில் குடியேறிவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் வாக்களித்தபோது அவருக்கு வயது 94. வாக்குச்சீட்டு மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் 15 ஆண்டுகளுக்கு மேல் வசித்துவிட்ட பிரிட்டிஷ் குடிமகனுக்குத் தாய்நாட்டில் வாக்கில்லை என்பது அன்றைய சட்டம். பெல்ஜியத்தில் வசித்த ஒரு பிரிட்டிஷ் வழக்கறிஞருடன் சேர்ந்து அவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று படிகளிலும் தோற்றார். கடைசிப் படியில் தோற்றது வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு.

அந்த 15 ஆண்டு வரம்பு பின்னர் நீக்கப்பட்டது. சட்டம் 2022-இல் நிறைவேறி, 2024 ஜனவரி 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இடையில், 2023 பிப்ரவரியில், ஷிண்ட்லர் 101 வயதில் இறந்துபோனார்.

அந்த வாக்கெடுப்பின் முடிவுப்படி பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதைத்தான் பிரெக்ஸிட் என்கிறோம். பிரெக்ஸிட் என்றதும் நமக்கு நினைவு வருவது பிரிட்டனுக்குள் வந்தவர்களின் கதைதான்: போலந்துத் தொழிலாளி, ருமேனியச் செவிலியர், பிரான்சின் கலே கடற்கரையில் பிரிட்டனுக்குப் படகு ஏறக் காத்திருப்பவர். பிரிட்டனிலிருந்து வெளியே போய்க் குடியிருப்பவர்களும் உண்டு என்பது விவாதத்தில் ஓரமாகத்தான் இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். ஸ்பெயினின் அலிகாந்தே கடலோரத்தில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓய்வூதியக்காரர் என்பது பத்திரிகைப் படம். அப்படிப்பட்டவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலோர் வேலை பார்க்கும் வயதினர். பெர்லினில் மென்பொருள் எழுதுகிறார்கள், ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள், உள்ளூர்க்காரரை மணந்து அங்கேயே பிள்ளை வளர்க்கிறார்கள். தங்களை இவர்கள் ‘குடியேறிகள்’ என்று சொல்லிக்கொள்வது அபூர்வம். அந்தச் சொல்லை அடுத்தவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். விசா வரிசையில் அதிகாலை நான்கு மணிக்குப் போய் நின்று பழகிய நமக்கு இதில் கொஞ்சம் சிரிப்பு வருவது இயற்கை. ஆனால் விஷயத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று அதிகாரபூர்வமாக வெளியேறியது. வெளியேறிய பிறகும் பழைய விதிகள் 2020 டிசம்பர் 31 வரை தொடர்ந்தன. அந்தத் தேதிதான் கோடு. அதற்குள் ஓர் ஐரோப்பிய நாட்டில் சட்டபூர்வமாகக் குடியிருந்தவர்களுக்கு, அந்த நாட்டில் தொடர்ந்து வசிக்கவும் வேலை செய்யவும் மருத்துவம் பெறவும் உரிமை உண்டு என்று விலகல் ஒப்பந்தம் சொல்கிறது. காகிதத்தில் பார்த்தால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மாறியது உரிமையின் சுபாவம். முன்பு ஒரு பிரிட்டிஷ்காரர் லியோன் நகரில் வீடு பிடித்து, வேலை தேடி, இருபது ஆண்டு வாழ்ந்துவிட முடியும். எந்த அலுவலகத்திலும் ‘நான் இங்கே இருக்கலாமா’ என்று கேட்கத் தேவையில்லை. பிரான்ஸ் தன் ஐரோப்பியக் குடியிருப்பாளர்களிடம் குடியிருப்பு அட்டை கூடக் கேட்டதில்லை. 2021-இலிருந்து அதே மனிதர், தான் அங்கே இருந்தவர்தான் என்பதை நிரூபிக்க வேண்டியவரானார். வாடகை ரசீது, மின்கட்டணப் பில், வரி அறிக்கை என்று பழைய காகிதங்கள் அலமாரியிலிருந்து இறங்கின. ஒழுங்கான சம்பள வேலையில் இருந்தவருக்கு இது ஒரு மாலை நேர வேலை. பண்ணைகளில் பருவத்துக்கு வேலை செய்தவர், நண்பர் வீட்டில் வாடகை ஒப்பந்தம் இல்லாமல் தங்கியிருந்தவர், கணவரின் பெயரிலேயே எல்லாப் பில்களும் வந்த மனைவி ஆகியோர்தான் திண்டாடினார்கள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் கிளைத்தது. ஒப்பந்தம் நாடுகளுக்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது. ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, போர்ச்சுகல் போன்ற நாடுகளில் உரிமை தானாகவே உண்டு. அட்டை அதற்கு ஒரு சாட்சி மட்டுமே. அட்டை வாங்கத் தாமதித்தால் அலைச்சல்தான், உரிமை போய்விடாது. பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், ஆஸ்திரியா போன்றவற்றில் விண்ணப்பித்துப் பெற்றால்தான் உரிமை பிறக்கும். கெடு தாண்டினால், நேற்றுவரை சட்டப்படி இருந்தவர் இன்று சட்டவிரோதக் குடியேறி. (பிரிட்டனும் தன் மண்ணிலிருந்த ஐரோப்பியர்களுக்கு இந்த இரண்டாவது வழியைத்தான் வைத்தது, ஆகவே குறைசொல்ல அதற்கு வாயில்லை.)

ஸ்வீடன் இந்தக் கெடு விஷயத்தில் மிகக் கறாராக நடந்துகொண்டது. பிரிட்டிஷ்காரர்களுக்கு வெளியேறும் உத்தரவுகளை வழங்கியதில் அந்த நாடு முன்வரிசையில் இருந்தது. மறதிநோயோடு படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டிக்கும் உத்தரவு போனது செய்தியாகி, இரு நாட்டிலும் முகம் சுளிக்க வைத்தது. டென்மார்க்கில் நடந்தது வேறு விதம். கெடு பற்றிய அறிவிப்புக் கடிதம் ஒரு பகுதியினருக்குப் போகவே இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. கெடுவைத் தவறவிட்டவர்களுக்காக 2023-இல் அரசு மறுபடி வாசலைத் திறந்தது.

போர்ச்சுகலில் உரிமை தானாக உண்டு என்றேனே, அங்கேயும் கதை இருக்கிறது. அட்டை அச்சாகி வரப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை கையில் இருந்தது QR குறியீடு அச்சிட்ட ஒரு தாள். அந்தத் தாளை நாட்டுக்குள் மருத்துவமனை எழுத்தரும் அடையாளம் காணவில்லை. வெளியே பிற நாட்டு எல்லைக் காவலரும் அடையாளம் காணவில்லை. ஒப்பந்தப்படி அது செல்லும். ஆனால் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் வரவேற்பு மேசையில் வாதாடுவது? கடைசியில் 2023 அக்டோபரில் அந்தக் குடிவரவுத் துறையையே கலைத்துவிட்டுப் புதிய முகமையை அமைத்தார்கள். காத்திருந்தவர்களின் கோப்புகளும் அப்படியே புது முகமைக்குக் கைமாறின.

அட்டை வந்துவிட்டாலும் அது ஒரு நாட்டுக்கானது. இதைப் புரிந்துகொள்ளப் பலருக்கு நாளாயிற்று. ஸ்பெயினில் முப்பது ஆண்டு வாழ்ந்தவர் எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போனால், அங்கே அவர் வெறும் சுற்றுலாப் பயணி. அங்கே வேலை கிடைத்தால் வேலை அனுமதி வேண்டும். குடிபெயர வேண்டுமானால் விசா வேண்டும். ஐரோப்பிய நிறுவனங்களில் ‘ஒன்றியத்தின் எந்த நாட்டுக்கும் அனுப்பக்கூடியவர்’ என்பது ஒரு தகுதி. மொழிபெயர்ப்பாளர், கட்டடக்கலைஞர், இசைக்கலைஞர் என்று தொழில் பல நாடுகளில் பரந்திருந்தவர்கள் ஒரே இரவில் ஒரு நாட்டுக்குள் கட்டுண்டவர்கள் ஆனார்கள்.

எல்லை முத்திரை விவகாரம் இதிலிருந்து வருவது. தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் சுற்றுலாப் பயணியாக வரும் பிரிட்டிஷ்காரர் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. அண்மைக்காலம் வரை, நுழையும்போதும் வெளியேறும்போதும் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது. அதை வைத்து நாட்களை எண்ணினார்கள். குடியிருப்பு அட்டை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு அவருடைய நாட்டில் பொருந்தாது, முத்திரையும் விழக் கூடாது. ஆனால் அதிகாரிக்கு அது தெரிய வேண்டுமே. அதனால் அனுபவப்பட்டவர்கள் கடவுச்சீட்டைத் திறந்து அதன் மேல் அட்டையை வைத்து, அட்டை முதலில் கண்ணில் படும்படி நீட்டுவார்கள். கை முத்திரையை நோக்கிப் போவதற்குள் ‘நான் இங்கேயே குடியிருப்பவர்’ என்று சொல்லிவிட வேண்டும். தவறி விழுந்த முத்திரையோடு வீடு திரும்பியவர்கள், அடுத்த பயணத்தில் ‘ஏன் 90 நாள் தாண்டினீர்கள்’ என்ற கேள்விக்குப் பதிலை ஒத்திகை பார்த்தார்கள். முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியே நாளை எண்ணும் புதிய முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்தது. அட்டைக்காரர்களுக்கு அதிலும் விலக்கு உண்டு; அங்கேயும் அட்டையை முதலில் நீட்டுவதுதான் பத்திரம்.

இந்த 90 நாள் கணக்கு முழுசாக வந்து விழுந்தது, இரண்டு நாட்டிலும் கால் வைத்து வாழ்ந்தவர்கள் தலையில். வீடு பிரிட்டனில், குளிருக்கு ஒதுங்க ஸ்பெயினிலோ பிரெஞ்சுக் கிராமத்திலோ இன்னொரு சிறு வீடு. முன்பு அக்டோபரில் போனால் ஏப்ரலில் திரும்புவார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். ஜனவரி 1 அன்று நுழைந்து மார்ச் 31 வரை இருந்தால் 90 நாள் தீர்ந்தது. பிறகு ஜூன் 30 வரை அந்த வீட்டின் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஏப்ரலில் கூரை ஒழுகினாலும், மே மாதம் பேரன் ரோம் நகரில் கல்யாணம் வைத்தாலும் விதி ஒன்றுதான். இத்தாலியும் ஷெங்கன் பகுதி, எல்லா நாளும் ஒரே கணக்கில்தான் போகும். சமையலறை நாட்காட்டியில் நாட்களை வட்டமிட்டுக் கூட்டிப் பார்ப்பது பல வயதான தம்பதிகளுக்கு வழக்கமாகிவிட்டது. பிரான்சில் வீடு வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கு நீண்டகாலம் தங்கும் அனுமதியைத் தானாகவே தந்துவிடலாம் என்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் வந்தது. குடிவரவுச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிறைவேறவும் செய்தது. 2024 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் அதை வெட்டிவிட்டது.

வசதியுள்ளவர் இதற்கெல்லாம் வழி கண்டுகொள்வார் என்று சொல்லலாம்; உண்மைதான். ஸ்பெயினில் வேலை செய்யாமல் தங்குவதற்கான விசா வேண்டுமானால் ஆண்டுக்குச் சுமார் 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும், தனியார் மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் மட்டும் வாங்கும் ஒருவர் அதற்குக் கிட்டேகூட வர மாட்டார். மான்செஸ்டர் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, விலை மலிவென்று தென் ஸ்பெயினில் ஒரு படுக்கையறை வீட்டில் ஒதுங்கிய தலைமுறையின் பாதை அத்தோடு அடைபட்டது.

ஏற்கனவே அங்கே இருந்தவர்களுக்கும் பணத்தில் அடி விழுந்தது. அந்த அடி பிரெக்ஸிட் நடப்பதற்கு முன்பே விழுந்தது. 2015 இறுதியில் ஒரு பவுண்டு ஏறத்தாழ 1.40 யூரோ. வாக்கெடுப்பு முடிவு வந்த இரவிலேயே பவுண்டு சரிந்தது. 2017 ஆகஸ்டில் 1.08 யூரோ அளவுக்கு இறங்கியது. மாதம் 700 பவுண்டு வாங்கியவருக்கு 980 யூரோ வந்த இடத்தில் 756 யூரோ வந்தது. அவர் எந்த விண்ணப்பமும் நிரப்பவில்லை, எந்த வரிசையிலும் நிற்கவில்லை. வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போயிற்று.

பிறகு வங்கிக் கடிதங்கள் வந்தன. பிரிட்டிஷ் உரிமத்தை வைத்தே ஐரோப்பா முழுவதும் சேவை தரலாம் என்ற ஏற்பாடு முடிந்ததால், ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய நிலை. சில வங்கிகள் அந்தச் செலவு கட்டாது என்று முடிவெடுத்தன. லாயிட்ஸ் வங்கிக் குழுமம் மட்டும் 2020-இல் சுமார் 13,000 வாடிக்கையாளர்களின் கணக்குகளை மூடுவதாகக் கடிதம் அனுப்பியது. இளைஞருக்கு இது செயலியில் பத்து நிமிட மாற்றம். ஓய்வூதியம் வருவது, லண்டன் வீட்டு வாடகை வருவது, காப்பீடு கழிவது எல்லாம் நாற்பது ஆண்டாக ஒரே கணக்கில் ஓடியவருக்கு அது ஒரு சிறு பூகம்பம். பிரிட்டனில் முகவரி இல்லாமல் அங்கே புதுக் கணக்குத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதை வெளிநாடு போய்வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு விஷயம் மட்டும் தப்பியது. ஐரோப்பிய நாடுகளில் வசிப்பவர்களின் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும். அந்த ஏற்பாட்டைப் பேச்சுவார்த்தையில் காப்பாற்றிவிட்டார்கள். நம் பக்கத்து வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லண்டனில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ குடியேறுகிறவருக்கு அந்த உயர்வு கிடையாது. இந்தியாவும் இலங்கையும் உறைந்த பட்டியலில் இருப்பவை; முதல் நாள் வாங்கிய தொகையே கடைசி நாள் வரை. அதற்கும் பிரெக்ஸிட்டுக்கும் தொடர்பில்லை, அது பழைய அநியாயம்.

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் விசித்திரமாகப் படுவது ஸ்பெயினின் ஓட்டுநர் உரிமம். பிரிட்டிஷ் உரிமத்தைக் கொடுத்து ஸ்பானிய உரிமம் வாங்கிக்கொள்ளும் பரிமாற்றம் பிரெக்ஸிட்டோடு நின்றது. பழைய உரிமத்திலேயே ஓட்டலாம் என்ற சலுகையை ஸ்பெயின் சில முறை நீட்டித்தது. பேச்சுவார்த்தை இழுத்தது. 2022 மே 1 அன்று சலுகை தீர்ந்தது. அன்று முதல், ஸ்பெயினில் குடியிருக்கும் பிரிட்டிஷ்காரர் தன் பிரிட்டிஷ் உரிமத்தோடு வண்டி ஓட்டினால் குற்றம். முன்கூட்டியே மாற்றிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். ‘ஒப்பந்தம் வரும்’ என்று தூதரகம் சொன்னதை நம்பிக் காத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கடற்கரை நகரங்களில் பஸ் உண்டு. ஆனால் வாடகை குறைவென்று மலைப்பக்கம் போனவர்கள் அதிகம். கல்பாவிய பாதையில் ஐந்து கிலோமீட்டர் போனால்தான் கடை, இருபது கிலோமீட்டரில் மருந்தகம். அப்படி ஓர் இடத்தில் எழுபது வயதுத் தம்பதி வாசலில் கார் நிற்க, அதைத் தொட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு மகன் பர்மிங்காமிலிருந்து வருகிறான். அவன் சுற்றுலாப் பயணி. ஆகவே அதே பிரிட்டிஷ் உரிமத்தை வைத்து அவன் ஸ்பெயினில் தாராளமாக ஓட்டலாம். சாலைகளை ஒவ்வொரு வளைவாக அறிந்த தந்தை பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு வருவார். வேண்டுமானால் ஸ்பானிய ஓட்டுநர் தேர்வைப் புதிதாக எழுதலாம். எழுதித் தேறியவர்கள், நாற்பது ஆண்டு அனுபவத்தோடு, புதிய ஓட்டுநருக்குரிய பச்சை நிற ‘எல்’ பலகையை வண்டியில் ஓராண்டு மாட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பெயினில் அன்றைய பிரிட்டிஷ் தூதர் ஹியூ எலியட் அவ்வப்போது பேஸ்புக்கில் தோன்றிப் பேச்சுவார்த்தை நிலவரம் சொல்வார். அதன் அடியில் வந்த கோபமான கருத்துகளைப் படித்தால் தூதர் வேலைமீது பரிதாபம் வரும். 2023 மார்ச் 16 அன்று பரிமாற்ற ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பத்தரை மாதம்.

சாப்பாட்டு விஷயம் சின்னது, ஆனால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். 2021 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய லாரி ஓட்டுநர் ஒருவரின் சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரி பறிமுதல் செய்யும் காட்சி டச்சுத் தொலைக்காட்சியில் வந்தது. இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது கொடுக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். முடியாது, பிரெக்ஸிட்டுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரக் கூடாது என்பது எல்லா நாட்டவருக்கும் இருந்த பழைய விதி. பிரிட்டிஷ்காரர்களுக்கு அது அன்றுதான் பழக்கமாயிற்று. அம்மா அனுப்பும் கிறிஸ்துமஸ் பார்சல் அதில் அடிபட்டது. பாரம்பரியக் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் மாட்டுக் கொழுப்பு சேரும். ஆகவே அதுவும் தடைப்பட்ட பொருள். மற்ற பரிசுகளும் 45 யூரோ மதிப்பைத் தாண்டினால் வரி உண்டு. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் பாரிஸ் பக்கம் நடத்திவந்த 11 கடைகளை, புதிய உணவுப் பொருள் நேரத்துக்கு வந்து சேராததால், 2021-இல் மூடுவதாக அறிவித்தது.

தாவரப் பொருளுக்கும் கட்டுப்பாடு உண்டு. சான்றிதழ் இல்லாமல் கையில் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை. லண்டனிலிருந்து பாரிஸ் லா சப்பல் மாணிக்க விநாயகர் தேருக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போகும் நம்மவர்களுக்கு இந்தப் பட்டியல் ஏதோ பிள்ளையாரே பார்த்து எழுதியது போலத் தோன்றலாம். அர்ச்சனைத் தட்டுக்குத் தேங்காயும் வாழைப்பழமும் தாராளமாகப் போகும். மாம்பழமும் கறிவேப்பிலையும் வெற்றிலையும் போகாது.

வாக்கு விஷயத்துக்குத் திரும்புகிறேன். பிரான்சில் பிரிட்டிஷ்காரர்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள், நின்றார்கள், வென்றார்கள். ஆள் குறைந்துவரும் கிராமங்களில், நூலகம் திறந்து வைக்கவும் விழா நடத்தவும் இவர்கள்தான் முன்னால் நின்றார்கள். உள்ளாட்சி மன்றங்களில் 700-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் உறுப்பினர்கள் இருந்தார்கள். 2020 தேர்தலோடு அந்த உரிமை போயிற்று. ஸ்பெயின், போர்ச்சுகல், லக்சம்பர்க், போலந்து ஆகியவற்றோடு பிரிட்டன் தனித்தனி ஒப்பந்தம் போட்டு உள்ளாட்சி வாக்கைக் காப்பாற்றியது. பிரான்சோடு அப்படி எதுவும் இல்லை. தென்மேற்குப் பிரான்சில் 1984 முதல் வசித்துவந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியபோது அவர் வழக்குத் தொடர்ந்தார். 15 ஆண்டு விதியால் பிரிட்டனிலும் வாக்கில்லை, இப்போது இங்கேயும் இல்லை, அப்படியானால் நான் எந்த நாட்டில் வாக்களிப்பது என்பது அவர் கேள்வி. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. ஒன்றியக் குடியுரிமை என்பது உறுப்பு நாட்டின் குடியுரிமையோடு ஒட்டி வருவது, அந்த நாடு வெளியேறினால் இதுவும் போய்விடும் என்று 2022 ஜூன் 9 அன்று தீர்ப்பு வந்தது. சட்டப்படி அது சரியான பதிலாக இருக்கலாம். அவர் கேள்விக்கு அது பதில் இல்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். பலர் அதைத்தான் செய்தார்கள். ஜெர்மனியில் 2015-இல் குடியுரிமை பெற்ற பிரிட்டிஷ்காரர்கள் 622 பேர். 2017-இல் 7,493 பேர். 2019-இல் 14,600 பேர். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்தவர் என்றால் அதிர்ஷ்டம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடி எடுத்து ஐரிஷ் கடவுச்சீட்டு வாங்கினார்கள். ஆனால் ஸ்பெயினிலும் ஆஸ்திரியாவிலும், பெரும்பாலும் நெதர்லாந்திலும், புதிய குடியுரிமை வேண்டுமானால் பழையதைத் துறக்க வேண்டும். பெற்றோர் இன்னும் லீட்ஸ் நகரில் உயிரோடு இருக்கும்போது யார் துணிந்து அதைச் செய்வார்?

அந்தப் பெற்றோர்தான் கடைசிச் சிக்கல். ஊருக்குத் திரும்பும் பாதையும் குறுகிவிட்டது என்பது, பிரிட்டனுக்கு வெளியே பலர் அறியாத செய்தி. முன்பு ஐரோப்பாவில் வேலை பார்த்த பிரிட்டிஷ்காரர், வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொண்டு ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் நாடு திரும்பலாம். பிரிட்டனின் கடுமையான வருமான விதி அவர்களைத் தொடாது. அந்த வழிக்கே ஓர் இந்தியரின் பெயர்தான்: சுரிந்தர் சிங். பிரிட்டிஷ் பெண்ணை மணந்து, இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அவரது வழக்கில் 1992 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு, முப்பது ஆண்டுகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கரை சேர்த்தது. 2022 மார்ச் 29 அன்று அந்த வாசல் அடைபட்டது. இப்போது பிரிட்டிஷ் மனைவி தன் பிரெஞ்சுக் கணவருடன் ஊரில் போய்க் குடியேற வேண்டுமானால் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது கணவர் பிரான்சில் வாங்கும் சம்பளம் கணக்கில் வராது. பிள்ளைகளுக்கும் ஒரு கெடு உண்டு: ஐரோப்பாவில் வளர்ந்த பிரிட்டிஷ் பிள்ளைகள் உள்நாட்டுக் கட்டணத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் சலுகை, 2028-க்கு முன் தொடங்கும் படிப்புகளுக்குத்தான்.

ஆகவே குடியேறுவதை விட்டுவிட்டுப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது என்று தொலைபேசி வந்தால், லியோனிலிருந்து காரில் கிளம்பி, கலேயில் கப்பல் ஏறுகிறார்கள். கலேயிலேயே பிரிட்டிஷ் அதிகாரி இருப்பார். மனைவியின் கடவுச்சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பியர்களுக்குக் கட்டாயமான மின்னணுப் பயண அனுமதியைக் கணவர் எடுத்திருக்கிறாரா என்று திரையில் பார்ப்பார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பும்போது, இங்கிலாந்துத் துறைமுகமான டோவரில் பிரெஞ்சு அதிகாரி இருப்பார். அவருக்குக் கணவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. மனைவி கடவுச்சீட்டைத் திறந்து, அதன் மேல் அட்டையை வைத்து, ஜன்னல் வழியாக நீட்டுவார்.